அடுக்களைச் சூத்திரமும் அதன் உரையும்

சூத்திரம் யாப்போர் ஒருவர். அதற்கு உரை காண்போர் பிறிதொருவர். தமிழ் நூலுலகிற் பண்டுதொட்டு வரும் வழக்கம் இது. சூத்திரம் சொற்சுருக்கம் உடையது, பொருட்பெருக்கம் உடையது. உரை இல்வழி அது பூட்டிய பெட்டகமாகவே கிடக்கும். உரையின் இலக்கணங் கூறப் புகுந்த நன்னூலார், கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு என்பவற்றோடு வினாவையும் விடையையும் சேர்த்து ஓதினார். மாணாக்கன் ‘ஏன்?’ என்று வினவுவதும் ஆசிரியன் அதற்கு விடையிறுப்பதும் உரையின் உறுப்புக்கள் என்று அவர் கொண்டமை சிந்திக்கற்பாலது.

இலக்கண வகுப்பிற் கூறவேண்டிய செய்தியை உணவுபற்றிய கட்டுரையின் முகப்பிற் கூறுவதேன் என வாசகர் வினவலாம். நமது அடுக்களைகளிலும் சூத்திரங்கள் பல வழங்குகின்றன. அவற்றை யாத்தோர் பெயரை யாரும் அறியார். அவை ஏட்டில் எழுதப்பட்டனவும் அல்ல. தாயிடமிருந்து மகளுக்கும் மாமியிடமிருந்து மருமகளுக்கும் வாய்மொழியாக வந்தவை. அவற்றுட் சில உயிர்காக்குஞ் சூத்திரங்கள். ஆயினும் அவற்றின் உரை எப்போதோ மறைந்துபோயிற்று. உரையிழந்த சூத்திரத்தால் விளையும் கேடு யாது என்பதை, மரவள்ளிக்கிழங்கு ஒன்றைக்கொண்டே ஈண்டுக் காட்ட விழைகின்றேன்.

அப்பாச்சியின் ஐந்து விதிகள்

எனது இளமைக் காலத்தில் எங்கள் வீட்டு வேலியோரத்தில் மரவள்ளி வளர்ந்து நின்றது. 1970களின் நடுப்பகுதியில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது எங்கள் குடும்பத்தைத் தாங்கியது அதுவே என்று என் தாயார் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். அவித்த கிழங்கும் தேங்காய்ச் சம்பலும் இராப்போசனமாக அமைந்த நாட்கள் பல. அக்கிழங்கை அவிப்பதில் என் அப்பாச்சி ஐந்து விதிகளை வகுத்து வைத்திருந்தார். கிண்டிய அன்றே அவிக்கவேண்டும். தோலைத் தடிப்பாக உரித்து, ஆடு மாடு எட்டாத இடத்திற் போடவேண்டும். பானையை மூடாமல் அவிக்கவேண்டும். அவித்த நீரை வடித்துக் கொட்டிவிடவேண்டும். அன்றைக்கு அந்த வீட்டில் ஒருவரும் இஞ்சி தொடக்கூடாது.

ஒருநாள் என் தாயார் மறதியாகப் பானையை மூடிவிட்டார். அப்பாச்சி ஓடிவந்து மூடியை எடுத்தார்.

“மூடாதை பிள்ளை, திறந்தபடி அவியட்டும்.”

“ஏன் மாமி?”

“எங்கடை ஆச்சியும் அப்பிடித்தான் சொன்னவ.”

அவ்வளவே. வினா இருந்தது, விடை இல்லை. சிறுவனாகிய நானும் அருகிலிருந்து அதனைக் கேட்டேன். முதியோர் கூறும் பல பேச்சுக்களுள் அதுவும் ஒன்று என்று மனத்தில் ஒதுக்கி வைத்தேன். அவ்வாறு ஒதுக்கியதன் பிழையைப் பின்னொரு காலத்தில் உணர நேர்ந்தது. அதனைக் கூறுமுன் கிழங்கின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

பெயரும் பிறப்பும்

பாரியின் பறம்புமலையில் உழாமலே கிடைக்கும் உணவுகள் நான்கினைக் கபிலர் புறநானூற்றில் எடுத்துரைக்கின்றார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பன அவை. அங்கே கூறப்படும் வள்ளி கொடியிற் கிழங்கு வீழ்த்துவது, இந்நிலத்துக்கே உரியது. மரவள்ளியோ அதற்கு உறவன்று. கொடியாகப் படராது சிறு மரம்போல் நிமிர்ந்து நிற்பதனால், பழைய வள்ளியின் பெயர்முன் ‘மரம்’ என்னும் அடையைப் புணர்த்து நம்மவர் புதிய வரவுக்குப் பெயரிட்டனர். தமிழகத்தார் அதனைக் குச்சிக்கிழங்கு என்றும் ஏழிலைக்கிழங்கு என்றும் வழங்குவர். மலையாள நாட்டினர் கப்பை என்பர். சிங்களர் மஞ்ஞொக்கா என்பர்.

அதன் தாயகம் தென்னமெரிக்கா. பதினாறாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் அதனைப் பிரேசிலிலிருந்து ஆபிரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். இலங்கைக்கு அதனை மொரீசியசுத் தீவிலிருந்து 1786 ஆம் ஆண்டில் வருவித்தவர் ஒல்லாந்தத் தேசாதிபதி வன் டெர் கிராவ் என்பர். எனவே நமது அடுக்களையில் அதற்கு வயது இருநூற்று நாற்பதளவே. நெல்லும் தினையும் வரகும்போல் ஆயிரமாண்டுப் பழக்கம் நமக்கு அதனோடு இல்லை. அப்பாச்சியின் விதிகளும் அவ்விருநூற்றுச் சொச்ச ஆண்டுகளுள், யாரோ பட்டறிந்து யாத்தவையே ஆதல்வேண்டும்.

கிழங்கினுள் நிகழ்வது

மரவள்ளியின் வேரிலும் தோலிலும் இலையிலும் இலினமரின் என்னும் பொருள் உண்டு. அது வெல்லத்தோடு பிணைந்து கிடக்கும் சயனைட்டு. பிணைந்திருக்கும்வரை அதனாற் செடிக்குத் தீங்கில்லை. அப்பிணைப்பை அறுக்கவல்ல நொதியமொன்றும் அதே செடியில் உண்டு. ஆனால் இரண்டும் ஓரறையில் இருப்பதில்லை. இலினமரின் கலத்தின் உள்ளே புன்வெற்றிடத்தில் இருக்கும். நொதியம் கலச்சுவரில் இருக்கும். விலங்கோ பூச்சியோ கடிக்கும்போது, அல்லது நாம் துருவும்போதும் இடிக்கும்போதும், கலங்கள் சிதைகின்றன. பிரிந்திருந்த இரண்டும் சந்திக்கின்றன. பிணைப்பு அறுந்து ஐதரசன் சயனைட்டு வெளிப்படுகின்றது. தன்னை மேயவரும் பகைக்குச் செடி வைத்த பொறி இது.

சயனைட்டு உடலிற் புகுந்தால், கலங்கள் ஒட்சிசனைப் பயன்படுத்தும் வழி அடைபட்டுவிடும். மூச்சு உள்ளே போகும். குருதியில் ஒட்சிசன் இருக்கும். ஆயினும் கலம் பட்டினி கிடக்கும். தலைவலி, தலைச்சுற்று, வாந்தி, மூச்சுத்திணறல், மிகுந்தால் மரணம் எனப் படிப்படியாக அதன் வேலை நடைபெறும்.

இந்நஞ்சுக்கு ஒரு பலவீனமும் உண்டு. ஐதரசன் சயனைட்டு ஏறத்தாழ 26 பாகை வெப்பநிலையிலேயே கொதித்து ஆவியாவது. நமது நாட்டு வெயிலே அதனை விரட்டப் போதுமானது. இலினமரினோ நீரிற் கரைவது. இவ்விரு செய்திகளையும் அறிந்தால் அப்பாச்சியின் விதிகளுக்கு உரை தானே விளங்கும். தோலில் நஞ்சு சதையிலும் மிகுதி. ஆகவே அது தடிப்பாக உரிக்கப்பட்டது. ஆடு மாடுகளுக்கும் விலக்கப்பட்டது. ஆவியாகும் நஞ்சு வெளியேற வழிவேண்டும். ஆகவே பானை மூடப்படவில்லை. கரைந்த நஞ்சு நீரில் நிற்கும். ஆகவே நீர் வடித்துக் கொட்டப்பட்டது. கிண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளிலேயே நரம்பு கறுத்துப் பழுதாகும். ஆகவே அன்றே அவிக்கப்பட்டது. இவற்றோடு அப்பாச்சி சொல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். கிழங்கைச் சிறு துண்டுகளாக வெட்டி, நிறைந்த நீரில் இட்டு அவித்தால், நஞ்சு நீரில் இறங்குவது மிகும்.

மரவள்ளியில் இனிப்பினமும் கசப்பினமும் உள. ஒரு கிலோகிராம் பச்சைக் கிழங்கில் 50 மில்லிகிராமுக்குக் குறைந்த சயனைட்டு உடையதை இனிப்பினம் என உலக உணவு நியமங்கள் வகுக்கின்றன. கசப்பினத்தில் அது பன்மடங்காகலாம். உண்பதற்குரிய மரவள்ளி மாவில் கிலோகிராமுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பதும் அந்நியமமே. நமது தோட்டங்களில் வளர்வன பெரும்பாலும் இனிப்பினமே. அதனாலேயே நம்மிற் பலர் விதிகளை மறந்தும் தப்பிப் பிழைக்கின்றனர்.

உரையோடு வாழ்ந்தவர்களும் உரையின்றிப் பெற்றவர்களும்

அமேசன் காட்டு மக்கள் கசப்பினத்தையே விரும்பிப் பயிரிட்டனர். பூச்சியும் விலங்கும் அதனை அணுகா என்பதே காரணம். நஞ்சை நீக்க அவர்கள் கண்ட முறை வியக்கத்தக்கது. கிழங்கைத் துருவுவர். துருவலை, நாரினால் முடைந்த நீண்ட குழல் போன்ற பையில் திணிப்பர். திபித்தி எனப்படும் அப்பையை மேலே கட்டி, கீழ்முனையை இழுத்தால் அது நீண்டு ஒடுங்கும். சாறு பிழிந்து வடியும். எஞ்சிய மாவை ஓட்டில் வாட்டுவர். வடிந்த சாற்றையும் வீணாக்கார். நெடுநேரம் காய்ச்சிக் குழம்பாக்கி உண்பர். துருவுதல் நொதியத்துக்கு வேலை தருகின்றது. பிழிதல் கரைந்ததை நீக்குகின்றது. வாட்டுதல் எஞ்சிய ஆவியைப் போக்குகின்றது. இரசாயன நூல் கற்காத மக்கள் செய்கையிலேயே உரையெழுதி வைத்திருந்தனர்.

கப்பலேறிக் கடல் கடந்தபோது செடி போயிற்று. உரை முழுமையாக உடன்செல்லவில்லை. ஆபிரிக்கப் பெண்கள் தமக்கேயுரிய முறைகளைப் பட்டறிந்து வகுத்தனர். கிழங்கை மூன்று நான்கு நாள் நீரில் ஊறவைத்து, உலர்த்தி, இடித்து மாவாக்குதல் அவற்றுள் ஒன்று. அமைதிக் காலத்தில் அது போதுமாயிருந்தது. பஞ்சக் காலத்திலோ கால்கள் கட்டுண்டன.

‘கால்கள் கட்டுண்டன’ என்பது உவமையன்று. அன்றைய பெல்சியக் கொங்கோவில் 1938 ஆம் ஆண்டில் திரொல்லி என்னும் மருத்துவர் ஒரு நோயை விவரித்தார். நேற்றுவரை ஓடித்திரிந்தவர்க்குத் திடீரென இருகால்களும் விறைத்துவிடும். பின்னர் வாழ்நாள் முழுதும் கோலூன்றியே நடக்கவேண்டும், அன்றேல் தவழவேண்டும். அந்நாட்டு யாக்கா மொழியார் அதனைக் கொன்சோ என்றனர். கட்டுண்ட கால் என்பது அதன் பொருள். 1981 ஆம் ஆண்டில் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்திற் கடும் வறட்சி நிலவியது. அவ்வேளை 1,100க்கும் மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர். அவருட் பெரும்பாலோர் பெண்களும் சிறுவருமே. அவர்கள் உண்டது கசப்பு மரவள்ளி. பசியின் அவசரத்தால் உலர்த்தும் நாட்கள் குறைக்கப்பட்டிருந்தன.

இங்கே வறுமையின் பங்கை உன்னிப்பாக நோக்கவேண்டும். நமது உடல் சிறிதளவு சயனைட்டைத் தானே மாற்றி வெளியேற்றவல்லது. அதற்குக் கந்தகம் வேண்டும். அக்கந்தகம் பருப்பு, மீன், முட்டை முதலிய புரத உணவிலிருந்தே வருவது. வறட்சியிற் கிழங்கின் நஞ்சு பெருகுகின்றது. அதே வறட்சியில் பருப்பு விளைவதில்லை. கோழியும் ஆடும் விற்கப்பட்டுவிடுகின்றன. நஞ்சு மிகும் வேளையிலேயே அதனை வெல்லும் பொருள் வீட்டில் இல்லாதொழிகின்றது. அதே கிழங்கை மீனோடு உண்பவன் தப்புகின்றான். உப்போடு உண்பவன் விழுகின்றான்.

பஞ்சம் மாத்திரமன்றி அவசரமும் இக்கேட்டுக்குக் காரணமாவதுண்டு. அக்காலத்திற் சயிர் எனப்பட்ட கொங்கோ நாட்டில், தலைநகர் கின்சாசாவில் மரவள்ளிக்கு நல்ல விலை கிடைத்தபோது, மூன்று இரவு ஊறவேண்டிய கிழங்கு ஓரிரவிலேயே எடுக்கப்பட்டது. ஊரிற் கொன்சோ தோன்றியது. 1990களின் தொடக்கத்தில் ஆய்வாளர் இதனைக் கண்டு எழுதினர். அண்மையில் 2017 ஆம் ஆண்டு செப்தெம்பரில், உகண்டாவின் கசேசே மாவட்டத்தில் ஒரு மரணச் சடங்கில் மரவள்ளி மாவுணவு உண்டவர்களோடு கூடிய 98 பேர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். அம்மாவிற் சயனைட்டு நியம அளவினும் பன்மடங்கு இருந்தது. இழவு வீட்டுக்கு வந்தோர்க்கு அன்போடு பரிமாறிய உணவே அது.

மூடிய பானை

இனி என் பிழையைக் கூறுகின்றேன். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் ஊரைவிட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். அந்நடையில் நானும் ஒருவன். ஆசிரியத் தொழிலிற் புதிதாகப் புகுந்திருந்த இளைஞன். மாரிமழை பெய்துகொண்டிருந்தது. ஒரு வீட்டின் விறாந்தையில் நாங்கள் ஐந்து குடும்பத்தார் ஒதுங்கியிருந்தோம். அரிசி தீர்ந்தது. வீட்டுக்காரர் தம் வளவில் நின்ற மரவள்ளியைக் கிண்டித் தந்தார்.

விறகு நனைந்து புகைந்தது. இருந்த விறகைச் சிக்கனப்படுத்த வேண்டி, அடுப்பிலிருந்த இளந்தாயார் பானையை இறுக மூடினார். கிழங்கு எல்லோருக்கும் போதாது என்பதைக் கண்டு, அவித்த நீரையும் கொட்டாமல் உப்பிட்டுக் கஞ்சிபோற் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். நான் அருகிலே இருந்தேன், மூடியைப் பார்த்தேன். அப்பாச்சியின் குரல் நினைவில் எழுந்தது. ஆனால் ‘ஏன்?’ என்று அவர் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? படித்தவன் என்ற பெயரோடிருந்த எனக்கு, ஆச்சி சொன்னாள் என்று கூற வெட்கமாயிருந்தது. வாளாவிருந்தேன்.

இரண்டு மணித்தியாலத்துக்குள் பிள்ளைகள் வாந்தியெடுத்தனர். அவர் மகன் ஏழு வயதுச் சிறுவன், தலைசுற்றி விழுந்தான், மூச்சு இரைத்தது. அவனைச் சைக்கிளில் வைத்து மழையினூடே வைத்தியரிடம் கொண்டுசென்றோம். வழியெங்கும் அத்தாயார் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார்.

“இஞ்சி ஒரு துண்டுகூடப் போடேல்லை மாஸ்ரர்! ஒரு துண்டுகூடப் போடேல்லை!”

ஐந்து விதிகளுள் அவர் வீட்டில் எஞ்சி நின்றது இஞ்சி விதி ஒன்றே. அதனை அவர் வழுவாது காத்தார். ஆனால் நஞ்சு இஞ்சியில் இல்லை, கிழங்கில் இருக்கின்றது. இஞ்சியை விலக்கியதனால் அது விலகிவிடாது. பானையின் வாயைத் திறந்திருந்தால், அந்நீரைக் கொட்டியிருந்தால், சிறுவன் விழுந்திரான். உரை இருந்திருந்தால் எவ்விதி உயிர்நாடி, எது அதன் அருகில் நிற்பது என்று அவர் அறிந்திருப்பார். நானும் வாய் திறந்திருப்பேன்.

வைத்தியர் இரவு முழுதும் அவனருகில் இருந்தார். விடியற்காலையில் அவன் கண்விழித்துத் தண்ணீர் கேட்டான். அந்த இரவை நான் மறக்கவில்லை. அதன்பின்னரே விஞ்ஞானம் கற்பித்த நண்பர்களிடம் சென்று, மாணாக்கனாக இருந்து இவ்வுரையைக் கேட்டறிந்தேன்.

பிற சூத்திரங்கள்

மரவள்ளியோடு இக்கதை முடிவதன்று. கருணைக்கிழங்கைப் புளி சேர்த்துச் சமைப்பது நமது வழக்கம். அக்கிழங்கின் கலங்களில் கல்சியம் ஒட்சலேற்று ஊசிமுனைப் பளிங்குகளாக இருந்து நாவையும் தொண்டையையும் குத்துவதே அரிப்புக்குக் காரணம். புளியின் அமிலமும் நன்கு வேகவைத்தலும் அதனைத் தணிக்கின்றன. வெயில் பட்டுப் பச்சை பாரித்த உருளைக்கிழங்கில் சொலனீன் என்னும் நஞ்சு மிகும். அது அவித்தாலும் அழியாது; ஆகவே பச்சைப் பகுதியையும் முளையையும் வெட்டி எறிதல் வேண்டும்; மிகப் பச்சையானதை முழுதாகவே எறிதல் நன்று.

சமையலால் வெல்லமுடியாத நஞ்சுகள் உள என்பதற்குக் காந்தள் சான்று. குறிஞ்சித்திணைப் பாடல்களில் மகளிர் விரலுக்கு உவமையாகும் அம்மலரைக் கற்பிக்கும்போது நாம் நெடுநேரம் அதன் அழகைப் பேசுகின்றோம். அதனையே கார்த்திகைப்பூ என்கின்றோம். அதன் கிழங்கு கலப்பைபோல் வளைந்திருப்பதாற் கலப்பைக்கிழங்கு என்பாரும் உளர். அக்கிழங்கிற் கொல்சிசீன் என்னும் கொடிய நஞ்சு உண்டு. எவ்வளவு அவித்தாலும் அது போகாது. உண்ணும் வள்ளியென்றும் வற்றாளையென்றும் மயங்கி அதனை அவித்துண்டு மாண்டோர் இந்நாட்டில் உளர். மலரின் அழகைக் கற்பிக்கும் தமிழாசிரியர் கிழங்கின் இயல்பையும் ஒரு வரியிற் கூறினால் இலக்கியத்துக்கு இழுக்கு வந்துவிடாது.

உரையைத் திருப்பிக் கொடுத்தவர்

இறுதியாக ஒரு நற்செய்தி. அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்து இரசாயன அறிஞர் ஹோவார்ட் பிராட்பரி, மிக எளிய முறையொன்றைக் கண்டார். மரவள்ளி மாவை நீர் விட்டுப் பிசைந்து, பாயில் மெல்லிய படையாகப் பரப்பி, வெயிலில் இரண்டு மணித்தியாலமோ நிழலில் ஐந்து மணித்தியாலமோ விடவேண்டும். மாவில் எஞ்சியிருக்கும் நொதியம் தன் வேலையைச் செய்யும். நஞ்சின் பெரும்பங்கு காற்றோடு போய்விடும். பின்னர் அன்றே அதனைக் கிளறி உண்ணலாம். செலவில்லை, வேண்டுவன பாயும் பொறுமையுமே. கொங்கோவின் கே காலெங்கே என்னும் கிராமத்துப் பெண்களுக்கு இம்முறை கற்பிக்கப்பட்டது. அவர்கள் அதனைப் பின்பற்றிய காலத்திற் புதிதாக எவர்க்கும் கொன்சோ வரவில்லை என 2012 ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளியிட்டனர்.

என்னைக் கவர்ந்தது அம்முறை மாத்திரமன்று. அதனை அவர்கள் பரப்பிய வழியும் கவனிக்கத்தக்கது. படங்களோடு கூடிய சுவரொட்டிகளைப் பல மொழிகளில் ஆக்கி வழங்கினர். ஊர்ப் பெண்களே ஏனைய பெண்களுக்குச் செய்து காட்டினர்.

நமது ஆசிரியர்களை நோக்கி நான் வேண்டிக்கொள்வது இதுவே. உங்கள் வகுப்பு மாணவரிடம் அவரவர் வீட்டு அடுக்களை விதிகளைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். எதனோடு எதனைச் சேர்க்கலாகாது, எந்நீரைக் கொட்டவேண்டும், எதனை மூடலாகாது என்று அப்பாச்சிமாரும் அம்மம்மாமாரும் சொல்வனவற்றை ஓரேட்டில் தொகுப்பியுங்கள். பின்னர் விஞ்ஞான ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒருங்கிருந்து ஒவ்வொன்றுக்கும் உரை காணுங்கள். உரை அமைவதைக் காத்துக்கொள்வோம். அமையாததை அமையாதது என்றே மாணவர்க்குக் கூறுவோம். இரண்டும் வேண்டுவனவே.

பஞ்சமும் இடப்பெயர்வும் மீண்டும் வாரா என்று யார் உறுதி கூறவல்லார்? வரும் நாளில் மூடியைத் திறக்கச் சொல்ல ஓர் இளைஞன் வெட்கப்படலாகாது. பிள்ளைகள் ‘ஏன்?’ என்று கேட்கும்போது, ‘எங்கடை ஆச்சியும் அப்பிடித்தான் சொன்னவ’ என்று மாத்திரம் கூறி நாம் அமையாதிருப்போமாக.